சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம்: ஒரு குடும்பத்தின் கணக்கிலிருந்து

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில், சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடிக்கப்படும் மிகச் சிறிய தொகை எதற்கானது என்று கேட்டால் பலருக்கும் விடை தெரிவதில்லை. மூவாயிரம் ரிங்கிட் சம்பளக்காரரிடம் ஆறு ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவாகவும், அவருடைய முதலாளியிடம் அதே அளவிலும் பெறப்படும் அந்தத் தொகைதான் வேலை காப்புறுதித் திட்டத்தின் சந்தா. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 800ஆவது சட்டத்தின்கீழ் 2018 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தைச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்துகிறது. 2023இல் பாயான் லெப்பாசில் என் கணவர் பணியாற்றிய தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது, அதுவரை எங்களுக்கும் ஒரு பிடித்தமாக மட்டுமே தெரிந்திருந்த இத்திட்டத்தின் சேவையை நாடினோம். வேலை இழந்த ஒரு தனிமனிதருக்கு இது எவ்வளவு தருகிறது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டிற்கு இது என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதையே இங்கு மதிப்பிட விரும்புகிறேன்.

விண்ணப்பிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் அது எளிதாகவே இருந்தது. பணிநீக்கக் கடிதம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், அலுவலக முகப்பிலும் கொடுக்கலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான நிபந்தனை. எங்கள் விண்ணப்பத்தைக் கவனித்த அதிகாரி, என் கணவரின் தொழில் அனுபவத்தைக் கேட்டறிந்து, வேலை தேடும் பதிவைத் தளத்தில் எப்படி நிரப்புவது என்று பொறுமையாகக் காட்டினார். வேலை போன மனிதரைக் குற்றவாளி போல நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று அஞ்சிக்கொண்டு போனவருக்கு அந்த மரியாதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் வீடு திரும்பிய முகத்திலேயே கண்டேன்.

தொகைக்கு வருவோம். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில், வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு என்று வகுக்கப்பட்டிருந்தது. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. கணக்கிற்கு மூவாயிரம் ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், 2,400, 1,500, 1,200, 1,200, 900, 900 என ஆறு மாதத்தில் மொத்தம் 8,100 ரிங்கிட் வரும். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு அப்போது 5,000 ரிங்கிட்டாக இருந்தது. 2024 அக்டோபரில் அது 6,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் ஆறு ரிங்கிட் கட்டியவருக்கு இது உண்மையிலேயே பெரிய கைம்மாறு. 1980ஆம் ஆண்டு விதிமுறைகள், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று ஆட்குறைப்பு இழப்பீட்டை நிர்ணயித்திருந்தாலும், கதவை மூடிவிட்டுப் போகும் நிறுவனத்திடமிருந்து அதைப் பெறுவதற்குத் தொழிலாளர் இலாகாவுக்கு அலைய வேண்டிவரும். காப்புறுதித் தொகையோ முதலாளியின் நாணயத்தை நம்பியிருக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே இத்திட்டத்தை வரவேற்பேன்.

ஆனால் அந்த எண்களை வீட்டு வரவுசெலவோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. வேலை போன முதல் மாதத்தில் வருமானம் 600 ரிங்கிட் குறைகிறது. இரண்டாம் மாதத்திலோ மேலும் 900 ரிங்கிட் ஒரேயடியாக விழுகிறது. ஒரு குடும்பம் செலவைக் குறைக்கப் பழகும் வேகம் அப்படிப்பட்டதன்று. வீட்டுக் கடன், பள்ளி வேன், டியூஷன், மாமியாரின் மருந்து என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளை நிறுத்தவே இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். சில செலவுகளை நிறுத்தவே கூடாது. முதல் மாதத்தில் சற்றுக் குறைவாகக் கொடுத்து இரண்டாம் மூன்றாம் மாதங்களுக்கு அதைப் பகிர்ந்திருந்தால், அதே 8,100 ரிங்கிட் எங்கள் வீட்டில் இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும். இரண்டாம் மாதச் சரிவைத்தான் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கடக்கின்றன. அடகு வைக்க நகையில்லாதவர்கள் வட்டி முதலைகளிடம் போய் நிற்கிறார்கள். அப்படி ஒரு கடனை வாங்கிவிட்ட வீட்டுக்கு மூன்றாம் மாதம் வரும் 1,200 ரிங்கிட் சோற்றுக்கா வட்டிக்கா என்பது கேள்வியாகிவிடும்.

பெற்றோரின் வருமானம் குறையும்போது பிள்ளைகளுக்கு நேர்வது வெறும் பற்றாக்குறை மட்டுமன்று. அது பெற்றோரின் மனநிலை வழியாகவும் பிள்ளைகளை வந்தடைகிறது. நான் பிறை என்ற ஊரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறேன். கணவரின் சம்பளம் நின்றதும் கிடைத்த ஓவர்டைம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இல்லை. முன்பு இருவரும் பாதிப் பாதியாக இருந்தோம். நன்மையும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிள்ளைகளை அவரே மோட்டார் சைக்கிளில் பள்ளியில் கொண்டுபோய் விட்டார், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், சின்னவன் அவரோடு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஒட்டிக்கொண்டான். ஆனால் மாத இறுதி நெருங்க நெருங்க அவர் குரல் மாறும். பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்பது போன்ற அற்பக் காரணத்துக்கு எழும் கோபம் பணம் வங்கியில் விழுந்த நாளில் தணியும். பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மூத்தவள் என்னிடம் தனியாகக் கேட்டாள். அவரிடம் கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஊரில் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது உணர்ந்தேன். ஊரின் ஒரே பெரிய துணி ஆலை மூடப்பட்ட பின், வேலையிழந்த குடும்பங்களோடு ஆய்வாளர்கள் பழகிப் பதிவு செய்தார்கள். நேரம் நிறைய இருந்தும் ஆண்கள் வாசிப்பை விட்டார்கள். கட்டணம் நீக்கப்பட்டும்கூட 1929க்கும் 1931க்கும் இடையே நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை பெண்களின் நடையைவிட மெதுவாயிற்று, ஏனெனில் பெண்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று: மனம் தளராமல் நின்ற குடும்பங்களுக்கும் நம்பிக்கை இழந்த குடும்பங்களுக்கும் இடையே தலைக்குக் கிடைத்த மாத வருமானத்தில் இருந்த வித்தியாசம் ஒரு சில ஷில்லிங்தான். அந்த அளவுக்குச் சிறிய தொகையும் ஒரு வீட்டின் மனநிலையை மாற்றும் என்றால், இத்திட்டத்தின் விகிதத்தில் பத்து விழுக்காட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்பது கணக்காளர்களின் விஷயம் மட்டுமாக இருக்க முடியாது.

இன்னொரு நுணுக்கத்தை ஆலைத் தொழிலாளர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உதவித்தொகை கணக்கிடப்படுவது வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதங்களின் சராசரிச் சம்பளத்தை வைத்து. ஓவர்டைம் பணமும் அந்தச் சம்பளத்தில் சேரும் என்பது நல்லதுதான். ஆனால் ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்புக்குப் போவதற்கு முன்பே, ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றுவிடுகிறது. அடிப்படைச் சம்பளத்தைவிட ஓவர்டைமை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு, வேலை போகும் நாளில் சராசரி ஏற்கெனவே மெலிந்திருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. நாங்கள் மனத்தில் போட்டு வைத்திருந்த 80 விழுக்காடும் வங்கிக்கு வந்த 80 விழுக்காடும் ஒன்றாக இல்லை. ஆறு மாதத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்தால், இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் தொழிலாளியின் தலையில் இவ்வளவு பாரமாக விழாது.

திட்டம் இப்படிச் சரியும் விகிதத்தில் வகுக்கப்பட்டதன் நோக்கம் புரிகிறது: ஒருவர் விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்காகவே, உதவித்தொகை முடியும் முன் வேலை கிடைத்துவிட்டால் மீதமுள்ள தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தவணையாகத் தருகிறார்கள். மேற்சொன்ன கணக்கில் இரண்டு மாதம் பெற்றபின் வேலை கிடைத்தவருக்கு மீதி 4,200 ரிங்கிட். அதில் 1,050 கையில் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் விரைவான வேலையும் சரியான வேலையும் ஒன்றல்ல. என் கணவருக்கு முதலில் கிடைத்தது நிரந்தர இரவு ஷிப்ட். நானும் சுழற்சி ஷிப்டில் இருக்கையில் அதை ஏற்றிருந்தால் வாரத்தில் பாதி இரவுகள் பிள்ளைகள் பெரியவர் துணையின்றிக் கிடப்பார்கள். அதை மறுத்துவிட்டுக் குறைந்த தொகையோடு இன்னும் சில வாரம் காத்திருந்து பகல் வேலை ஒன்றைப் பெற்றார். அந்தக் காத்திருப்பை எங்களுக்குச் சாத்தியமாக்கியது இத்திட்டமே. அதற்கு நான் என்றும் நன்றியுடையவள். என் சம்பளமும் சேர்ந்திருந்ததால்தான் அது முடிந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. தனித்து வாழும் தாய் ஒருவர் இதே நிலையில் இருந்திருந்தால் இரவு வேலைக்குத்தான் போயிருப்பார். உதவித்தொகை விகிதத்தில் வீட்டில் எத்தனை பிள்ளைகள், இன்னொரு வருமானம் உண்டா என்ற கேள்விகளுக்கே இடமில்லை.

பயிற்சிப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் பயிற்சிக் கட்டணத்துக்கு 4,000 ரிங்கிட் வரை செலுத்தினார்கள், அது தாராளம். ஆனால் பயிற்சிக்குச் செல்லும் நாளுக்கு உதவித்தொகை அப்போது பத்து முதல் இருபது ரிங்கிட் வரைதான் இருந்தது. பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குச் சென்று பயிற்சி பெறுபவருக்கு, 2019 முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்றபோதிலும், பெட்ரோலும் மதியச் சாப்பாடும் போக அதில் மிஞ்சுவது சொற்பம்.

இத்திட்டம் தொடவே தொடாத வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுதுவது முறையாகாது. சந்தா கட்டும் தனியார்துறைத் தொழிலாளிக்கே இது உரியது. ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை இழப்பவருக்குக் கிடைக்காது. வீட்டிலிருந்தே தையல் தைப்பவர், பலகாரம் செய்து விற்பவர் ஆகியோருக்கும் இல்லை. நம் குடும்பங்களில் கணவர் தொழிற்சாலையிலும் மனைவி இத்தகைய கைத்தொழிலிலும் இருப்பது சாதாரணம். மனைவியின் வருமானம் நின்றால் அது வேலை இழப்பாகவே கணக்கில் வராது. ஆனால் பல வீடுகளில் டியூஷன் பணமும் காலைச் சிற்றுண்டிப் பணமும் அந்த வருமானத்திலிருந்துதான் வருகின்றன. சுயதொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் விபத்துப் பாதுகாப்பு உண்டு. வருமானம் நின்றுபோனால் அதில் வழியில்லை. அடுத்து எதையாவது விரிவாக்குவதானால் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு குறைகளையும் சொன்ன பின்னும், ஆட்குறைப்புக்கு உள்ளான எவரையும் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், வேறெங்கோ பணியாற்றிய ஒருவரிடம், பெயர் கெடாமலிருக்கும் என்று சொல்லி ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்தத் தொகை கிடையாது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கும், நிறுவனம் முன்வைக்கும் விருப்ப விலகல் திட்டத்தை ஏற்றவருக்கும் உண்டு. கடிதத்தில் எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சந்தேகம் இருந்தால் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவன் மனைவி இருவரும் படித்து, தொழிலாளர் இலாகாவிலோ சொக்சோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டு மறுநாள் பதில் சொல்லலாம். விண்ணப்பத்தையும் இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அந்த 60 நாள் கணக்கு வேலை போன நாளிலேயே தொடங்கிவிடுகிறது.