ஏற்றத்தில் வெட்டி இழுக்கும் ஏஎம்டி: கிளட்ச் செட்டா, ஸ்கேனா?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வாரம் இரண்டு நடை போகிற ஆள் நான். போன சாரல் சீசனில், புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி, 72,000 கிலோமீட்டர் ஓடியது. தென்காசிப் பக்கம் ஒரு பட்டறையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிட்டு அண்ணாச்சி, செட்டோட மாத்திருவோம், 18,000 ஆகும்" என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இருக்கும் மெக்கானிக் ஆசான் சாவியைக்கூடக் கையில் வாங்கவில்லை. "ஸ்கேன் செய்தோ?" என்று மட்டும் கேட்டார், அதாவது ஸ்கேனரை மாட்டி வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் பார்த்தாயா என்று.

ஏஎம்டி நம் ஊரில் 2014-ல் மாருதி செலெரியோ காரோடு பரவ ஆரம்பித்தது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது, அதை ஒரு கம்ப்யூட்டர் நடத்துகிறது. அதனால் கியர் மாறும்போது வருகிற சின்னத் தலையாட்டல் இயல்பு, அதற்கு வைத்தியம் வேண்டாம். கியர் மாறாத நேரத்தில் வெட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

இதைக் காசு செலவில்லாமல் நாமே பார்த்துவிடலாம். பின்னால் வண்டி வராத ஏற்றமாகப் பார்த்து, லீவரை மேனுவலுக்குத் தள்ளி, இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொண்டு பாதி மிதி மிதியுங்கள். கியர் மாறாமலே வெட்டினால் முதலில் எஞ்சினைச் சந்தேகப்படுங்கள்: பிளக், அதற்குப் பொறி கொடுக்கும் காயில், எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியில் ஏறிய அழுக்கு. வெட்டாமல் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) மட்டும் உறுமிக்கொண்டு ஏற, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் மாறும் அந்த நொடியில் மட்டும் 'டக்'கென்று தள்ளினால் கிளட்ச் பிடிக்கும் இடம் நகர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் ஆக்சுவேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டி இரண்டாவது கியரிலேயே வெட்டியது, ஆர்பிஎம் முள்ளும் கூடவே நடுங்கியது.

ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண் வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆசான் உடனே புதுக் காயில் வாங்கச் சொல்லவில்லை. இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, தென்மலை வரை ஓட்டி வரச் சொன்னார். திரும்பி வந்தபோது எண் பி0303 ஆகியிருந்தது, கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் காயிலின் ரப்பர் உறையில் மயிரிழைக் கீறல், அதை ஒட்டிப் பொறி ஓடிய கறுப்புக் கோடு. வெயிலில் சமாளித்துக்கொண்டிருந்தது சாரல் ஈரத்தில் பல்லிளித்திருக்கிறது. ஒரு காயில், மூன்று பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

வெட்டு நின்றது. ஆனால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது ஒரு தள்ளல் மிச்சம் இருந்தது. அப்புறம் கிளட்ச் லேர்னிங் போட்டார்கள். கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் இடம் மாறும், அந்தப் புது இடத்தை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை இது. கிளட்ச் செட் செலவோடு வைத்துப் பார்த்தால் இதன் செலவு ஒன்றுமே இல்லை, எனக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

அதற்காகக் கிளட்ச் செட் மாற்றச் சொல்வது எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். வழுக்கல், ஏற்றத்தில் கருகல் வாசனை, லேர்னிங் போட்டும் கொஞ்ச நாளில் பழையபடி ஆவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆரியங்காவு செக்போஸ்ட் வரிசையில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தொங்கவிடுகிறவர்களுக்கு அந்த நாள் சீக்கிரம் வரும். ஆக்சுவேட்டரைக் காதால் சோதிக்கலாம்: பல வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததும் அதன் ஆயில் பம்ப் 'விர்'ரென்று ஓடி நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதே திரும்பத் திரும்ப ஓடினால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது, முதலில் ஆக்சுவேட்டர் ஆயில் அளவைப் பாருங்கள்.

கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 60, 70 வேகத்தில் லேசான மிதியில் வரி வரியாக மேடு போட்ட ரோட்டில் ஓடுகிற மாதிரி நடுங்கினால், ஆக்சிலேட்டரை அப்படியே வைத்து இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பாருங்கள். லாக்கப் (கன்வெர்ட்டரை நேராகப் பூட்டும் உள் கிளட்ச்) விலகி நடுக்கம் நின்றால் கோளாறு அங்கேதான், அதற்குப் பல நேரம் ஆயிலே மருந்து. மெஷின் ஃப்ளஷ் அடித்தால் பழைய ஆயில் கிட்டத்தட்ட முழுசாகப் போகும். டிரெயின் செய்தால், அதாவது அடி போல்ட்டைத் திறந்து வடித்தால், நிறைய ஆயில் உள்ளேயே தங்கிவிடும். ஆனாலும் வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாத பெட்டிக்கு நான் டிரெயினைத்தான் சொல்வேன், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. தேங்கிய கசடை ஒரே அடியாகக் கிளப்பி வால்வில் அடைத்துக்கொள்ளும் பயம் இதில் குறைவு. பெல்ட்டில் ஓடும் சிவிடி ஆட்டோமேட்டிக் என்றால் அதற்கென்று உள்ள ஆயில் மட்டும்தான், கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எந்த வண்டியானாலும் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் மலையேறாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும், அதன் விலை கிளட்ச் செட்டைத் தாண்டிப் போகலாம். கடைசியில் கிளட்ச்தான் மாற்றினீர்கள் என்றால், லேர்னிங் போட்டாச்சா என்று கேட்டுவிட்டு, பழைய தட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் மாற்றியது சரி.