சொல்லைத் திரிப்பதா, பேச்சைத் திருப்புவதா?

வாதத்தில் கால் இடறிய பிறகும் தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்கு இரண்டு வழிகள் எப்போதும் திறந்திருக்கின்றன: எதிராளி சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பது, அல்லது "நீ மட்டும் யோக்கியமா?" என்று பேச்சைத் திருப்புவது. எது கைகொடுக்கும்?

உழைப்பு
திரிப்பது: எதிராளி பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.
திருப்புவது: அவருடைய பழைய தவறு ஒன்று நினைவிருந்தால் போதும்.

ஆயுள்
திரிப்பது: "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றதும் ஆட்டம் காணும். எழுத்தில் நடக்கும் வாதமென்றால் இன்னும் மோசம். சொன்னது அங்கேயே கிடக்கிறது.
திருப்புவது: நெடுநேரம் நிற்கும். "வரவு செலவு இடிக்கிறதே" என்று கேட்டால், "போன வருடம் நீ கணக்கே காட்டவில்லையே" என்பார். அது உண்மையாகவும் இருக்கும், வலு அங்கேதான். கேட்டவர் தன் பழைய கணக்கை விளக்கத் தொடங்கிவிடுவார். (எனக்கே இது பலமுறை பலித்திருக்கிறது. பெருமையில்லை.)

மதிப்பு
திரிப்பது: பழைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம் இதைச் சலம் என்று அழைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. 'நவ கம்பளம்' வைத்திருக்கிறான் என்றால், புதியது என்ற பொருளை விட்டுவிட்டு "ஒன்பது எங்கே?" என்று கேட்பது அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். குறைந்தபட்சம் சாமர்த்தியம் தெரிகிறது.
திருப்புவது: சம்பந்தமில்லாததற்குத் தாவுவது அதே நூலில் அர்த்தாந்தரம், 22 தோல்வித்தானங்களில் ஒன்று. தாவினாலே தோற்றதாகத்தான் கணக்கு.

முதலில் பேசியதைக் கேட்காத கூட்டம் எதிரே இருந்தால் திரிப்பது எடுபடும். எதிராளி தனி ஆள், மனச்சாட்சி உறுத்துகிறவர் என்றால் திருப்புவதே வசதி. "அதற்கும் வருகிறேன், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்பவரிடம் இரண்டும் செல்லாது.