குவான் யூவும் யுவே ஃபெய்யும்

சீனர்கள் தெய்வமாக்கிய போர்வீரர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள். 220-இல் கொல்லப்பட்ட குவான் யூ, சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகக் கடை, உணவகம், ஹாங்காங் காவல் நிலையம் என எங்கும் இருக்கிறார். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் வியாபாரிகளுக்கு அவர் செல்வம் தரும் சாமியும்கூட.

யுவே ஃபெய் அந்த அளவுக்கு அன்றாட வாழ்க்கைக்குள் வரவில்லை. வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்ச்சென் இனத்தவரை எதிர்த்து நின்ற அவரை 1142-இல் சொந்த அரசே கொன்றது. ஹாங்சோ நகரில் அவர் கோயிலிலுள்ள சமாதிக்கு முன்னால், சதி செய்த அமைச்சர் சின் ஹுய், அவர் மனைவி உட்பட நால்வர் இரும்புச் சிலைகளாக மண்டியிட்டிருக்கிறார்கள். மக்கள் அவற்றின் மேல் காறித் துப்பியதும் உண்டு. பின்னாளில் சீனாவை ஆண்ட மஞ்சுக்கள் ஜுர்ச்சென் வழிவந்தவர்கள். அவர்கள் யுவே ஃபெய்யை விட்டுக் குவான் யூவை உயர்த்தியதில் வியப்பில்லை.

அன்றாட வேண்டுதலுக்குக் குவான் யூதான். ஆனாலும் அநியாயமாகச் செத்தவருக்காக ஊரே கோபப்பட்ட அந்த ஹாங்சோ கோயில்தான் எனக்குப் பெரிது. சரி, இருவரையும் சேர்த்தே கும்பிட வேண்டுமா? தைவானின் சன் மூன் ஏரிக்கரையில் வென்வூ கோயில் இருக்கிறது.