ஆசிரியர் சம்பளத்தை எதனோடு இணைப்பது? வன்னியில் நின்று ஓர் ஒப்பீடு

பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் வன்னிப் பெற்றோரிடம் ஒரு கேள்வி எழும். பிள்ளையைச் சித்தியடைய வைக்கும் ஆசிரியருக்கும், வந்து கையெழுத்திட்டுப் போகும் ஆசிரியருக்கும் ஏன் ஒரே சம்பளம்? கேள்வி நியாயமானது. இன்று சம்பளம் ஏறுவது பதவித் தரத்தையும் சேவைக்காலத்தையும் பொறுத்தே. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் துணுக்காய், மடு, வவுனியா வடக்கு கல்வி வலயங்களின் சிறிய பாடசாலைகளை மனதில் வைத்து எடைபோடுகிறேன்.

முதலாவது, மாணவர் பெறும் புள்ளிக்கு ஏற்ப ஆசிரியருக்குத் தனித்தனியே ஊக்கத்தொகை. இதற்கு ஆதரவான வலுவான சான்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வருகிறது. அங்கே கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. மாணவரின் சராசரிப் புள்ளி 5 வீதத்துக்கு மேல் உயர்ந்தால், மேலதிகமான ஒவ்வொரு வீதத்துக்கும் 500 இந்திய ரூபாய் கிடைக்கும். கொடுத்த தொகை சராசரியாக ஆண்டுச் சம்பளத்தின் 3 வீதமளவுதான். இரண்டு ஆண்டுகளில் கணிதமும் மொழியும் முன்னேறின. பணம் அறிவிக்கப்படாத விஞ்ஞானமும் சமூகக் கல்வியும்கூட முன்னேறின. இந்த முடிவை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் ஆந்திராவில் அளக்கப்பட்டது முன்னேற்றம். நம் கையில் இருப்பவையோ ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் சாதாரண தரச் சித்தி வீதமும். பிள்ளை எந்த நிலையில் வகுப்புக்குள் வந்தது என்பதை அவை காட்டுவதில்லை. பத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் தொழில் தேடி வெளியேறினாலே சராசரி குலைந்துவிடும். நகரத்துப் பிள்ளையின் புள்ளியில் மாலை நேர ரியூஷனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியவும் வழியில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. முல்லைத்தீவு மாணவரின் புள்ளியையும் கொழும்பு மாணவரின் புள்ளியையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்று ஏற்றுக்கொண்ட அரசு, அவர்களுடைய ஆசிரியர்களை மட்டும் அதில் நிறுத்துவது எப்படி நியாயமாகும்?

புள்ளியோடு பணம் சேரும்போது வரும் ஆபத்துகளும் தெரிந்தவைதான். கென்யாவில் ஆசிரியர்களுக்குப் பரிசு அறிவிக்கப்பட்ட பரீட்சையில் புள்ளிகள் உயர்ந்தன, ஆனால் அந்த உயர்வு நிலைக்கவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 178 கல்வியாளர்கள் பரீட்சை மோசடியில் தொடர்புபட்டதாக 2011 இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. எனக்கு இவற்றைவிடப் பெரிய அச்சம் ஒன்றுண்டு. மெல்லக் கற்கும் பிள்ளையிடம் "நீ பரீட்சை எழுதாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லும் துணிவை இந்தப் பணம் கொடுத்துவிடும்.

இரண்டாவது வழி, பாடசாலை முழுவதற்கும் பொதுவான ஊக்கத்தொகை. நியூயோர்க்கில் 2007 முதல் சில ஆண்டுகள் இது நடந்தது. பலன் தெரியாததால் கைவிடப்பட்டது. பெரிய பாடசாலையில் ஒருவருடைய உழைப்பு கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. நான்கைந்து ஆசிரியர்களே உள்ள இடத்தில் நிலைமை வேறு. ஆந்திராவின் சிறிய பள்ளிகளில் முதலாம் ஆண்டில் குழுவுக்குக் கொடுத்த தொகையும் தனியாளுக்குக் கொடுத்ததற்கு நிகராகவே பலன் தந்தது.

மூன்றாவது, பின்தங்கிய இடத்தில் நின்று கற்பிப்பதற்கே பணம். வன்னியின் நோய்க்கு நேரான மருந்து இதுதான் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் விடியமுன் பஸ் ஏறி வந்து, பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் இடமாற்றம் கிடைத்து அவர்களில் ஒருவர் போனதும், அடுத்த கணித ஆசிரியர் வரும்வரை அந்த வகுப்பு யார் பொறுப்பு? ராஜஸ்தானின் உதய்பூர்ப் பகுதியில் ஓராசிரியர் பள்ளிகளில், கமராவில் பதிவான வருகை நாட்களுக்கு ஏற்பச் சம்பளம் கொடுத்தபோது, ஆசிரியர் வராத நாட்கள் பாதியாகக் குறைந்தன. மாணவரின் கற்றலும் உயர்ந்தது. காம்பியாவில் தொலைதூரப் பாடசாலைகளுக்குச் சம்பளத்தில் 30 முதல் 40 வீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். தகுதிபெற்ற ஆசிரியர்கள் அங்கே கூடினார்கள், ஆனால் மாணவர் புள்ளி சராசரியில் உயரவில்லை. வந்து நிற்பது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

ஆகவே என் தெரிவு மூன்றாவதை முதலில் செய்வது, இரண்டாவதைப் பின்னர் சேர்ப்பது. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அப்படியான இடங்களில் கற்பிப்பதற்கான கொடுப்பனவு ஒரே பாடசாலையில் தொடரும் ஒவ்வோர் ஆண்டும் கணிசமாக ஏற வேண்டும், தங்குவதற்கு ஆசிரியர் விடுதியும் வேண்டும். நிலையான ஆசிரியர்கள் அமைந்த பாடசாலைகளில், ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சோதனை வைத்து, முன்னேற்றத்துக்குரிய சிறு தொகையை எல்லோருக்கும் சமமாகப் பகிரலாம். விடைத்தாள்களை வேறு வலயத்து ஆசிரியர்களே திருத்த வேண்டும். தொடக்கச் சோதனை எழுதிய பிள்ளை முடிவுச் சோதனைக்கு வராவிட்டால், அந்தப் பிள்ளையையும் முன்னேறாதவராகவே கணக்கில் எடுக்க வேண்டும்.