எந்த ஆவணக் கோப்பு அதிக ஆபத்து?

போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுக்குப் பக்கம் வரையும் மொழி), வேர்டு, டெக் (கணித, அறிவியல் ஆவணங்களை அச்சுக்கோக்கும் மொழி), பிடிஎஃப் நான்கிலும் நிரல் எழுத இடம் உண்டு. அந்த நிரலின் கை எதுவரை நீள்கிறது என்பதை வைத்தே நான் இவற்றைத் தரம் பிரிப்பேன்.

வழங்கியில் (சர்வரில்) ஓட்டுவதற்கு மிக மோசமானது போஸ்ட்ஸ்கிரிப்ட். 1984இல் அடோபி வெளியிட்ட இது முழுமையான நிரல்மொழி. பக்கம் வரையப் பிறந்த மொழிக்குக் கோப்பை அழிக்கவும் பெயர் மாற்றவும் கட்டளைகள் எதற்கோ! இவற்றைக் கட்டிப்போடும் ‘சேஃபர்’ முறையை, போஸ்ட்ஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருளான கோஸ்ட்ஸ்கிரிப்ட் 2019இல் வந்த 9.50 பதிப்பில்தான் இயல்பாக்கியது. அதையும் தாண்டும் ஓட்டை ஒன்று 2024இல் வெளிப்பட்டது. படங்களைச் சிறிதாக்கித் தரும் இணையதளங்கள் பல, தமக்கே தெரியாமல் பின்னணியில் கோஸ்ட்ஸ்கிரிப்டை ஓட்டுகின்றன. ஜேபெக் என்று பெயரிட்டு போஸ்ட்ஸ்கிரிப்டை ஏற்றுபவனுக்கு அது போதும்.

தனிமனிதர் கணினிக்கு வேர்டு ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரலான மேக்ரோதான் பெரிய எதிரி. 1995இல் ‘கான்செப்ட்’, 1999இல் ‘மெலிசா’ என மேக்ரோ வைரஸ்கள் பரவின. இங்கே ஓட்டையே தேவையில்லை. மேக்ரோ தன் வேலையைச் சரியாகச் செய்தாலே கேடு. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் அதை இயல்பாகவே தடுக்க மைக்ரோசாஃப்டுக்கு 2022 ஆயிற்று. மேக்ரோ இல்லாத டாக்எக்ஸ் பாதுகாப்பு என்று நம்பியவர்களை அதே ஆண்டில் ‘ஃபொலினா’ என்ற ஓட்டை ஏமாற்றியது.

டெக்கும் முழு நிரல்மொழியே. ஆனால், வெளிக்கட்டளைகளை ஓட்டும் வசதி கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. டெக்கின் ஒரு வடிவமான லுவாடெக்கில் 2023இல் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது, உண்மை. இருந்தாலும் போஸ்ட்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டால் சாது.

அந்நியரிடமிருந்து வாங்க நான் தேர்வது பிடிஎஃப், அதிலும் ஆவணங்களை நெடுங்காலம் காக்க உருவான பிடிஎஃப்/ஏ வடிவம். 1993இல் பிடிஎஃப் வந்தபோது பக்க வரைவிலிருந்து, கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சியும் நிபந்தனையும் நீக்கப்பட்டிருந்தன. பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் பக்கவாட்டில் நுழைந்து கெடுத்தது; அதையும், வேறு நிரலைத் தொடங்கும் கட்டளையையும் பிடிஎஃப்/ஏ விலக்குகிறது.

இந்தத் தேர்வுக்கும் எல்லை உண்டு. 2021இல் அம்பலமான ‘ஃபோர்ஸ்டுஎன்ட்ரி’ தாக்குதலில் ஆப்பிளின் ஐமெசேஜ் வழியே கிஃப் படம் என்ற பெயரில் வந்தது ஒரு பிடிஎஃப். அதில் ஜாவாஸ்கிரிப்ட் தேவைப்படவில்லை. ஜேபிக்2 படச் சுருக்கத்தின் ஓட்டைக்குள் நுழைந்து, 70,000க்கும் மேற்பட்ட கட்டளைகளால் தர்க்க வாயில்களை (கணினியின் அடிப்படை அலகுகளை) அடுக்கி ஒரு சிறு கணினியையே கட்டிவிட்டார்கள். அந்த ஜேபிக்2வை பிடிஎஃப்/ஏ தடை செய்யவில்லை.