புதுக்குடியிருப்பு ரோட்டு ஆச்சியின்ர அப்பக்கடை: பாவம் பாத்துப் போறதெண்டா போகாதேங்கோ

பரந்தன் முல்லைத்தீவு ரோட்டால போய் புதுக்குடியிருப்பு வாறதுக்குக் கொஞ்சம் முதல் தகரம் போட்ட கொட்டில் ஒண்டு இருக்கு. போர்ட் இல்லை, கூகிள் மேப்பிலயும் இல்லை, காலமை புகையை வச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். நடத்துறது 74 வயசு ஆச்சி.

முதல் சாப்பாட்டைச் சொல்லுறன். ஈஸ்ட் கீஸ்ட் ஒண்டுமில்லை, கள்ளு விட்டுப் புளிக்க வச்ச மா, அந்த மணம் ரோட்டிலயே அடிக்கும். பாலப்பம் கரை முறுகி நடு மெத்தெண்டு, கட்டித் தேங்காய்ப்பால் மேல விட்டு, தாச்சியால எடுத்த சூட்டோட கோப்பையில விழும். ஒண்டு 50 ரூபா, யாழ்ப்பாண ரவுணில இதை விடச் சின்னனைக் கூடக் காசுக்கு விக்கிறாங்கள். இடிச்ச சம்பல் நல்ல உறைப்பு, எனக்கு உப்பு கொஞ்சம் கூட. இடியப்பம் பரவாயில்லை. சொதி சரியில்லை, வெறும் மஞ்சள் தண்ணி, தேங்காய் 200 ரூபா தாண்டின நேரத்தில துவங்கின பழக்கம் போல, பேந்து மாத்தேல்லை.

ஆனா சனிக்கிழமை ஒடியல் கூழ் இருக்கே, அதுக்காகவே போகலாம். ஒடியல் மாவை, அதுதான் காய வச்ச பனங்கிழங்கு மாவை, ஊற வச்சு தண்ணியை வடிச்சு வடிச்சுக் கயர் எடுக்கோணும், அதில பஞ்சிப்பட்டா கூழ் கைச்சுப்போகும், கன கடையில அதுதான் நடக்குது. ஆச்சி முதல்நாள் பின்னேரமே துவங்கிடுவா. நண்டு, இறால், சின்ன மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய் அரைச்சது, பழப்புளி. பனையோலைப் பிளாவிலதான் தருவா, குடிச்சு முடிய மூக்கால தண்ணி ஓடும்.

இனி கடையைப் பற்றி. இது பொம்பிளையள் சேர்ந்து நடத்துற அம்மாச்சி உணவகம் மாதிரி விவசாயத் திணைக்களம் கட்டிக் குடுத்த கட்டடமில்லை, கூட்டா நிண்டு வேலை செய்ய பத்துப் பொம்பிளையளும் இல்லை. மருமகனை 2009 கடைசிச் சண்டைக்குப் பிறகு காணேல்லை, இண்டைக்கும் ஒரு பதிலும் இல்லை. மகளின்ர முதுகில எறிகணைச் செல் துண்டு, பாரம் தூக்கேலாது, இருந்த இடத்தில வெங்காயம் உரிச்சுக் குடுப்பா. செட்டிகுளம் மெனிக்பாமில கிடந்து, கண்ணிவெடி எடுத்து முடியேல்லை எண்டு இழுத்தடிச்சு, 2012ல அந்த முகாம் மூடுறதுக்குக் கொஞ்சம் முதல்தான் காணிக்குள்ள விட்டவங்களாம், வந்து பாத்தா வீடு இல்லை கிணறு மட்டும். இரவல் தாச்சி ஒண்டோட துவங்கினதாம் இந்தக் கடை. இதெல்லாம் பக்கத்து வாங்கில இருந்த ஐயா சொன்னது, ஆச்சி வாயே திறக்கேல்லை.

கடன் கதையை மட்டும் அவவே சொன்னா, அதுவும் கோவத்தில. மகள் கோழி வளக்க நுண்கடன் எடுத்தது, கோழி செத்துது கடன் சாகேல்லை, கிழமைக்குக் கிழமை மோட்டச்சைக்கிளில வந்து காசு வைக்கும்மட்டும் முத்தத்தில குந்தியிருப்பாங்களாம். அப்பம் வித்த காசு முழுக்க அதுக்குத்தான். 2018ல அரசாங்கம் ஒரு லட்சம் வரைக்குமான கடனைத் தள்ளுபடி செய்தது ஞாபகமிருக்கும், ஆனா அது மூண்டு மாசத்துக்கு மேல கட்டாம விட்டவைக்கு. இவ ஒழுங்காக் கட்டினவ. "மானத்துக்குப் பயந்து கட்டினன் மோனை, கட்டாதவைக்குத் தள்ளிட்டாங்கள்" எண்டு சொல்லிக்கொண்டே அடுத்த அப்பத்தைச் சுத்தினா. நான் என்னத்தைச் சொல்ல.

2022ல காஸ் இல்லாம பெரிய கடையெல்லாம் பூட்டிக் கிடக்க இவ திறந்து வச்சிருந்தவ, ஏனெண்டா விறகு, பனைமட்டை, பொச்சுமட்டைதானே. இப்ப பேத்தி கிளிநொச்சி அறிவியல்நகர் கம்பஸில படிக்கிறா, பேரன் பள்ளிக்கூடம் போக முதல் வந்து கோப்பை கழுவுறான்.

தலைப்பில ஏன் அப்பிடிப் போட்டனெண்டா, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஒரு வான் வந்து நிண்டுது, வெளிநாட்டுப் பெடியள் போல, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "ஆச்சி, முள்ளிவாய்க்கால்ல உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ" எண்டு கேக்கிறாங்கள். ஆச்சி நிமிந்து பாத்திட்டு "எத்தினை அப்பம் தம்பி?" எண்டா. திருப்பிக் கேட்டாங்கள். "முட்டை போடவோ?" எண்டா. ஆறு அப்பம் திண்டிட்டு ஐயாயிரம் ரூபாத் தாளை வச்சிட்டு வானுக்கு நடந்திட்டாங்கள், இவ மிச்சத்தை எண்ணி பேரன்ர கையில குடுத்து ஓட விட்டா, அவன் வான் கண்ணாடியில தட்டிக் குடுத்திட்டுத்தான் வந்தான். அப்பத்துக்குக் காசு வாங்கிறவ பிச்சை வாங்கமாட்டா, அவ்வளவுதான். அதுக்காக 50 ரூபா அப்பத்துக்குப் பேரம் பேசவும் வேண்டாம், அதையும் செய்யிறாங்கள் சிலபேர்.

குறை சொல்லோணுமெண்டா, வாங்கு ஆடும், லொறி போனா புழுதி கோப்பைக்குள்ள வரும், நாலுபேருக்கு மேல வந்தா அரை மணித்தியாலம் நிக்கோணும், இருக்கிறது ரெண்டு தாச்சி. கார்டெல்லாம் எடுக்கமாட்டா, சில்லறையாக் கொண்டு போங்கோ. காலமை ஆறு மணிக்குத் திறந்தா பத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளில பூட்டு. கூழ் பார்சல் வேணுமெண்டா சருவச்சட்டியோ தூக்குச்சட்டியோ கொண்டு போங்கோ, பிளாஸ்டிக் பாக்கில கொதிக்கக் கொதிக்க ஊத்தித் தாங்கோ எண்டு கேட்டா பேச்சு விழும்.