பாண்டாஸ்: மீன் கணக்குக்குத் தாங்குமா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மாமா மீன் ஏலம் எடுக்கிறார். அவருடைய கணக்குச் சிட்டையைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஏற்றுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

முதலில் லிஸ்டுக்குள் லிஸ்ட் வைத்தேன், அதில் எதையும் எத்தனையாவது இடம் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும்: தேதி, படகு, மீன், கூடை, விலை. நடுவில் ஐஸ் செலவுக்கு ஒரு பத்தி சேர்த்ததும் விலை ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது. நிரல் ஐஸ் காசை மீன் விலையாக எடுத்துக்கொண்டு, வஞ்சிரம் கூடை 60 ரூபாய் என்றது. அப்புறம் ஒவ்வொரு வரியையும் டிக்‌ஷனரி ஆக்கினேன். பெயர் சொல்லிக் கேட்கலாம், இடம் மாறினாலும் கவலையில்லை. ஆனால் மீன்வாரியாகக் கூட்ட ஒவ்வொரு முறையும் வரிவரியாகச் சுற்றிவரும் லூப் எழுத வேண்டும்.

பாண்டாஸ் என்பது பைத்தானோடு சேர்த்துக்கொள்ளும் தரவு நூலகம். அதன் டேட்டாஃபிரேம் என்ற அட்டவணையில், வகைவாரியாகப் பிரிக்கும் குரூப்பை (groupby) கட்டளையைப் போட்டால் அந்தக் கூட்டல் ஒரே வரி. கணக்கைப் பத்தி பத்தியாக, ஒரு பத்திக்கு ஒரே வகை என்று வைத்திருப்பதால் கூட்டல் பறக்கிறது. தொல்லையும் அதுவே. ஒரு நாள் கூடை எண்ணிக்கை காலியாக இருந்தால் போதும், பத்தி முழுக்கத் தசமமாகி 12 கூடை 12.0 ஆகிவிடும். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பிலிருந்து படித்தால் 007 என்ற சீட்டு எண் வெறும் 7 ஆகிறது. முதலாவதற்குப் பெரிய 'ஐ'யில் தொடங்கும் இன்ட்64 (Int64, காலியிடத்தையும் ஏற்கும் முழு எண் வகை), அடுத்ததற்கு டிடைப்பில் (dtype, பத்தியின் வகை) எழுத்து என்று சொல்லிவிட வேண்டும். இது புரிய ஒரு ஞாயிறு போனது.

இருபது வரிக் கணக்கென்றால் டிக்‌ஷனரியே போதும். மூன்று வருடச் சிட்டைக்குப் பாண்டாஸ்தான், அதுவும் இலவசம். மாமாதான் 12.0 என்று அச்சான அந்தப் பழைய பிரிண்ட்அவுட்டை வைத்துக்கொண்டு, "புள்ளி சைபர் கூடையில என்ன மீன்டா இருந்துச்சு?" என்று இன்னும் கேட்கிறார்.